பிளேட்டக்காவும் மிளகளவு மேடும்

பிளேட்டக்காவுக்கு அந்த வட்டாரத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருடைய வாய் அத்துப்படி. முகம்தான் ஒன்றுகூடத் தெரியாது.

பல் சீரமைக்கும் ஆஸ்பத்திரி ஒன்றின் பின்னறையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறார். முன்னால் டாக்டரம்மாவின் அறை, அதை ஒட்டி ஆட்கள் உட்காரும் கூடம், கூடத்தில் மீனெல்லாம் செத்துப்போய் வெறும் கூழாங்கல் மட்டும் மிஞ்சிய கண்ணாடித் தொட்டி. அங்கிருந்து ஓர் ஆள் நுழைகிற அகலத்தில் ஒரு நடை. நடை முடிகிற இடத்தில் பாதிக் கதவு. அந்தக் கதவுக்கு உள்ளே எல்லாமே வெள்ளை. தரை வெள்ளை, ரேடியோ வெள்ளை, ஸ்டூல் வெள்ளை, சாயங்காலம் ஆனால் அக்காவின் புருவமும் வெள்ளை. பிளாஸ்டர் மாவு படியாத பொருள் அங்கே ஒன்றே ஒன்றுதான்: சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் அவருடைய டிப்ளமா. அப்பா லாரிக்கு மூட்டை ஏற்றியவர். அந்த வீட்டில் கட்டைவிரலை மையில் உருட்டாமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் அக்காதான். அந்தச் சட்டத்தைத் துடைக்கவென்று தனியாக ஒரு துணி உண்டு. அதை வேறு எதற்கும் எடுத்தால் அன்றைக்கு எடுத்தவர் பாடு திண்டாட்டம்.

டாக்டரம்மா பிள்ளைகளின் வாயில் பசையை வைத்து அச்சு எடுப்பார். அது ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு பின்னறைக்கு வரும். அக்கா அதில் பிளாஸ்டர் கரைத்து ஊற்றி, இறுகியதும் பிரித்தால், பிள்ளையின் மேல்வரிசையும் கீழ்வரிசையும் கல்லாக மேசைமேல் உட்கார்ந்திருக்கும். அந்தக் கல்வாயை வைத்துக்கொண்டுதான் கம்பி வளைப்பது, கொக்கி செய்வது, பொடியும் திரவமும் கலந்து பிளேட் வார்ப்பது எல்லாம். அச்சுப் பசையில் சில சமயம் காற்றுக் குமிழி சிக்கிவிடும். குமிழி இருந்த இடத்தில் கல்லில் ஒரு முத்து முளைத்திருக்கும். கத்தி நுனியால் ஒரு தட்டு தட்டினால் 'டிக்' என்று பறந்துபோகும். ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டே, யாரிடமாவது பேசிக்கொண்டே, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டே அக்கா செய்கிற வேலை அது. முத்தை எடுக்க மறந்தார் என்ற பேச்சே கிடையாது.

அலமாரியில் அப்படி எண்ணூறு வாய் இருக்கிறது. அட்டையில் பெயர் எழுதி ஒட்டியிருந்தாலும் அக்கா வைத்த பெயர்தான் செல்லும். பல் ஒன்றையொன்று நெருக்கியடித்து நிற்கிற வாய்க்கு 'ஆறு மணி பஸ்'. முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து விட்டிருந்தால் 'ஜன்னல்'. ஒரு பல் மட்டும் தனியாக மேலே ஏறி நின்றால் 'மொட்டை மாடி'. கேலிதான். ஆனால் அந்தக் கேலி ஒருநாளும் பாதிக் கதவைத் தாண்டி வெளியே போனதில்லை.

'பன்னெண்டு' வந்து சேர்ந்தது ஒரு மழை நாளில். கீழ்த்தாடை பின்தங்கிப்போய், மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே பன்னிரண்டு மில்லிமீட்டர். நடுவில் சுண்டுவிரலை விடலாம். வயதும் பன்னிரண்டு. அதனால் அந்தப் பெண்ணுக்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கவில்லை.

இந்த மாதிரி வாயில் பல்லை மட்டும் கம்பி கட்டி உள்ளே தள்ளுவது அரை வைத்தியம். தாடையே முன்னால் வர வேண்டும். அதற்குத்தான் இரட்டை பிளேட். மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டிலும் கடைவாய்ப் பக்கம் சரிவாக ஒரு மேடு. பிள்ளை வாயை மூடினால் கீழ்ச்சரிவு மேல்சரிவில் சறுக்கிக்கொண்டு முன்னால் வந்தே தீரும். பிளேட் வாயில் இருக்கும்வரை தாடை முன்னால்தான் நிற்கும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் பள்ளிக்கூடத்திலும் அப்படியே நின்று நின்று, வளர்கிற எலும்பு அந்தப் பக்கமே வளர்ந்துவிடும். ஆனால் எலும்பு வளர்கிற காலத்தில்தான் இது நடக்கும். அந்தக் காலம் யாருக்காகவும் நிற்காது. பஸ்ஸாவது கை காட்டினால் நிற்கும் என்பார் அக்காவின் கணவர். அவர் பஸ் கண்டக்டர். எதைச் சொன்னாலும் பஸ்ஸில்தான் கொண்டுவந்து ஏற்றுவார்.

பன்னெண்டின் முதல் பிளேட் ஆறாவது வாரத்தில் உடைந்து வந்தது. அக்கா நம்பவில்லை. தன் பிளேட் தொலையும், நாய் கவ்விக்கொண்டு போகும், டிபன் டப்பாவோடு குப்பைக்குப் போகும். உடையாது. சரி, வார்ப்பில் எங்கேயோ குறை என்று தன்னையே நொந்துகொண்டு, புது அச்சில் புதிதாகச் செய்து கொடுத்தார். அது ஒரு மாதத்தில் உடைந்தது. இந்தத் தடவை ஒட்டிக் கொடுத்தார். ஒட்டினது பத்தே நாளில் இரண்டாக வந்து நின்றது.

மூன்றாவது உடைசலை அன்று விளக்கின் கீழே வைத்துப் பார்த்தார். மேடுகளில் ஒரு பல்தடம் கிடையாது. கொக்கி தளரவில்லை. தான் பாலிஷ் போட்ட பளபளப்பு அப்படியே முகம் காட்டியது. வாயில் கிடந்த பிளேட் இப்படி இருக்காது. பத்து நாளில் மங்கிப்போய், ஓரமெல்லாம் அந்தப் பிள்ளையின் சாயலுக்கு வந்துவிடும். உடைந்த விளிம்பில் ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார். பச்சைப் பெயின்ட்.

நேராக டாக்டரம்மாவிடம் போனார்.

"டாக்டரம்மா, இது கடிச்சு உடைஞ்சதில்ல. கதவிடுக்குல வச்சு நசுக்கியிருக்கு. பாருங்க, பெயின்ட்டு."

டாக்டரம்மா அக்காவைவிடப் பதினைந்து வயது இளையவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "போடவே இல்ல போலிருக்கே அக்கா."

"போட்டதும் இல்ல, போடப்போறதும் இல்ல. கொழுப்பு. என் வேலை தண்டம்."

கடைசி வார்த்தையில் தன் கௌரவம்தான் பேசியது என்று அக்காவுக்கே தெரிந்தது. ஆனாலும் சொல்லிவிட்டார்.

பிறகு நடந்தது கூடத்தில். பாதிக் கதவுக்குப் பின்னால் நின்ற அக்காவின் காதில் எல்லாம் விழுந்தது. பெண்ணோடு வந்தவர் அப்பா. தையல்காரர். டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. கழுத்து எலும்பின் எக்ஸ்ரேயைக் காட்டி, இப்போதுதான் வளர்த்தி வேகமெடுத்து ஓடுகிறது, இன்னும் எட்டு மாதம், மிஞ்சினால் பத்து மாதம், அதற்குப் பிறகு இந்த பிளேட் வெறும் பொம்மை என்றார். "அப்புறம் பதினெட்டு வயசு வரைக்கும் காத்திருந்து, ஆபரேஷன்ல தாடையை அறுத்து முன்னால வைக்கறதுதான் வழி. ஒரு வாரம் வாய் சும்மா இருக்கட்டும். சனிக்கிழமை வாங்க, கடைசியா ஒரு அச்சு எடுக்கறேன். அதுவும் இப்படியே திரும்பி வந்துச்சுன்னா நான் ஃபைலை மூடிடுவேன். வேண்டாங்கற பிள்ளை வாயில திணிக்க முடியாது."

"ஏன்மா? கதவுல வச்சியா?" என்றார் தையல்காரர். "உன்னத்தான் கேக்கறேன். அப்பாவைப் பாரு." மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

அக்கா ரேடியோவைச் சத்தமாக வைத்தார். அப்படியும் அந்த மூக்குறிஞ்சல் காதை விட்டுப் போகவில்லை.

மறுநாள் மத்தியானம் தையல்காரர் தனியாக வந்தார். கழுத்தில் அளவு நாடா, சட்டைப் பையில் சாக்குக்கட்டி. நடையில் நேராக நடந்து வந்து பாதிக் கதவின்மேல் கையை வைத்தார்.

"நீங்கதான் அதைச் செய்யறவங்களாம்மா?"

"ஆமா அண்ணே." அக்கா திட்டு வாங்கத் தயாராகக் கையைத் துடைத்துக்கொண்டார்.

தையல்காரர் திட்ட வரவில்லை. பார்க்க வந்திருந்தார். வளைத்த கம்பிகளை, இடுக்கிகளை, பாலிஷ் சக்கரத்தைக் கண்ணால் ஒரு சுற்று பார்த்தார். ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரர் பட்டறையைப் பார்க்கிற பார்வை. "நல்ல ஃபினிஷிங்கும்மா உங்களுது. அந்த விளிம்பைத் தடவிப் பார்த்தேன். நம்ம காலர் திருப்பற மாதிரி அவ்வளவு சுத்தம்."

அக்காவுக்குக் கொஞ்சம் உச்சி குளிர்ந்தது. "பின்னே என்ன அண்ணே, இவ்வளவு சுத்தமா செஞ்சு குடுத்தும் கதவுல வச்சு நசுக்கறாளே உங்க பொண்ணு."

"அதைத்தான் ராத்திரியெல்லாம் யோசிச்சேன். நம்ம கடையில சட்டை பிடிக்கலேன்னா கழட்டி மாட்டிடுவாங்க. பெருசா இருந்தாலும் சிறுசா இருந்தாலும் பீரோவுல கிடக்கும். யாரும் கிழிச்சது கிடையாது. ஒருத்தன் சட்டையைக் கிழிக்கிறான்னா, எங்கயோ அறுக்குதுன்னு அர்த்தம். அக்குள்ல, கழுத்துல, எங்கயோ. அவனுக்குச் சொல்லத் தெரியாது." நாடாவின் நுனியைச் சுருட்டினார். "தப்பா நினைக்காதீங்க. இத நீங்க எப்பவாச்சும் போட்டுப் பார்த்திருக்கீங்களா?"

இருபத்தாறு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. அக்கா வாயைத் திறந்தார், மூடினார். மூடும்போது தன் கடைவாய்ப்பல் இரண்டும் சேருவது அன்றைக்கு அவருக்கே வினோதமாகத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் டாக்டரம்மா கிளம்பும் நேரத்தில் அக்கா நோயாளி நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"என்னக்கா, பல்வலியா?"

"எனக்கு ஒரு அச்சு எடுங்க. இரட்டை பிளேட் போட்டுக்கப் போறேன்."

"அக்கா, உங்களுக்கு வயசு ஐம்பத்திரண்டு. தாடை வளர்றதை நிறுத்தி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு."

"வளர வேணாம் டாக்டரம்மா. தெரிஞ்சா போதும்."

டாக்டரம்மா சிரித்துவிட்டு அச்சு எடுத்தார். நாலு நாளுக்கு மேல் போடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். பசை வாயில் நிறைந்ததும் அக்காவுக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. "மூக்கால மூச்சு விடுங்க, கால் விரலை ஆட்டுங்க" என்றார் டாக்டரம்மா, எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்கிற அதே குரலில்.

காலையில் தன் வாயைக் கல்லாக முதல்முறை பார்த்தார். கொஞ்சம் 'ஆறு மணி பஸ்', ஓரத்தில் ஒரு 'மொட்டை மாடி'. ஊராருக்கு வைத்த பெயரெல்லாம் தன் வாய்க்குள்ளேயே இருந்தது. கீழ்வரிசையில் உள்பக்கம் ஒரு முத்து முளைத்திருந்தது. கத்தியை எடுத்தார். எடுத்த கை தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, நாக்கு தானாக வாய்க்குள் அந்த இடத்தைப் போய்த் தொட்டுப் பார்த்தது. வழவழவென்று இருந்தது. குமிழிதான். 'டிக்.' முத்து பறந்தது. அதோடு மறந்தும் போனார்.

பிளேட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனபோதுதான் சங்கதி புரிந்தது. வாய் நிறைய யாரோ சாமான் இறக்கி வைத்த மாதிரி இருந்தது. எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. 'ச'வெல்லாம் 'ஷ' ஆனது.

"ஷாப்பிட வாங்க" என்றார்.

கண்டக்டர் பேப்பரை இறக்கினார். "எந்த ஸ்டாப்புன்னு தெளிவா சொன்னாத்தான் டிக்கெட். இல்லேன்னா நடு வழியில இறக்கிவிட்டுடுவேன்."

"ஷிரிக்காதீங்க."

அவர் விரலை வாயில் வைத்து இரண்டு விசில் அடித்தார். வண்டி கிளம்புகிற விசில். அக்காவுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்து, சிரித்தபோது எச்சில் தெறித்து, கண்டக்டரின் பேப்பர் நனைந்தது. "பெய்யுது பெய்யுது" என்று அவர் எழுந்து ஓடினார்.

வெளியூர்க் கல்லூரியில் படிக்கும் மகன் அந்த நேரம் பார்த்துத்தான் போன் செய்தான். அம்மாவின் குரலை இரண்டு வார்த்தை கேட்டான். போனை வைத்துவிட்டு உடனே அப்பாவுக்கு அடித்தான். "அப்பா, அம்மாவுக்கு வாய் இழுத்துக்கிச்சா? நீங்க ஏன் எனக்குச் சொல்லல? உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா!"

"ஆஸ்பத்திரியிலேருந்துதான்டா இதையே வாங்கிட்டு வந்திருக்கா" என்றார் கண்டக்டர்.

முதல் நாள் தாடைக்கு இரண்டு பக்கமும் வலி. இரண்டாம் நாள் நாக்குக்கு அடியில் ஓரிடத்தில் குத்தியது. அக்கா பிளேட்டைக் கழற்றி, அரத்தால் இரண்டு இழு இழுத்து, திரும்ப மாட்டிக்கொண்டார். குத்தல் போயிற்று. மூன்றாம் நாள் 'ச' பாதி திரும்பி வந்தது. நாலாம் நாள், அதாவது சனிக்கிழமை, வாயில் பிளேட் இருப்பதே நினைவில் இல்லை. அதுதான் அக்காவை உறுத்தியது. ஐம்பத்திரண்டு வயது வாய் நாலு நாளில் பழகிவிட்டது. பன்னிரண்டு வயது வாய் மாதக்கணக்கில் ஏன் பழகவில்லை?

சனிக்கிழமை காலையில் கடைசி அச்சு ஈரத்துணியில் வந்தது. மெழுகைக் கடிக்கவைத்துக் கடியின் அளவு எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா பெண்ணையும் அப்பாவையும் கூடத்திலேயே உட்காரவைத்திருந்தார். அக்கா பிளாஸ்டரை ஊற்றி, இறுகும்வரை கம்பி வளைத்துக்கொண்டிருந்துவிட்டு, அச்சைப் பிரித்தார். கல் இன்னும் வெதுவெதுவென்று இருந்தது. கீழ்வரிசையில், வலது பக்கம் உள்ளே, கடைவாய்ப்பல்லுக்கு முன்னால் ஒரு முத்து. மிளகளவுதான். ரேடியோவில் பாட்டு. கத்தி கைக்கு வந்தது.

கத்தி இறங்குவதற்கு முன் நாக்கு போயிற்று. நாலு நாளாக எதற்கெடுத்தாலும் போய்ப் பார்த்துப் பழகிய நாக்கு. தன் வாயில், அதே இடத்தில் தேடியது. வழவழவென்று இருந்தது.

கையை நிறுத்தினார். வழவழவென்று இருப்பது என் வாய். இது என் வாய் இல்லையே.

ஸ்டூலைப் போட்டு ஏறி அலமாரியிலிருந்து பன்னெண்டின் பழைய கல் இரண்டையும் இறக்கினார். முதல் அச்சின் கீழ்வரிசையை விளக்குக்குக் கீழே திருப்பினார். வலது பக்கம் உள்ளே, கடைவாய்ப்பல்லுக்கு முன்னால், கத்தி வழித்த தட்டையான வட்டம். இரண்டாவது கல்லை எடுத்தார். அதே இடம். அதே வட்டம்.

காற்றுக் குமிழி ஓரிடத்தில் ஒரு தடவை உட்காரும். வாரக்கணக்கில் இடைவெளி விட்டு, மூன்று தடவையும் அதே பல்லுக்கு முன்னால் தேடி வந்து உட்காருமா?

அது குமிழி இல்லை. அது அந்தப் பெண். அவள் தாடையில் இருக்கும் எலும்பு மேடு. அதைக் குப்பை என்று இரண்டு தடவை வழித்துப் போட்டுவிட்டு, மேடே இல்லாததுபோல் பிளேட்டை இறுக்கமாக வார்த்து, கண்ணாடிபோல் பாலிஷ் போட்டுக் கொடுத்திருக்கிறார். வாயை மூடும்போதெல்லாம் அந்த மிளகின்மேல் பிளேட் ஏறி உட்கார்ந்திருக்கும். நேற்று முன்தினம் தனக்குக் குத்தியபோது அரம் கையில் இருந்தது. அவளிடம் என்ன இருந்தது? கதவு இருந்தது.

மூன்று கல்லையும் மார்போடு அணைத்துக்கொண்டு அக்கா பாதிக் கதவைத் தள்ளினார். நோயாளிகள் இருக்கும் நேரத்தில் அவர் கூடத்துக்கு வந்ததே இல்லை. வெள்ளைப் புருவமும் வெள்ளைக் கையுமாக யாரோ வந்து நிற்பதைப் பார்த்து எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

மீனில்லாத தொட்டிக்குப் பக்கத்தில் அப்பாவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். முதல்முறையாக முகம். அந்த வாய்க்கு இந்தக் கண்கள் என்று அக்கா நினைத்திருக்கவே இல்லை. மேலுதடு பல்லை மூட முடியாமல் நிற்க, அதைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தாள்.

அக்கா அவள் முன்னால் தரையில் குந்தினார். "பாப்பா, நாக்க ஒரு ஷெகண்ட் கீழ, வலது பக்கம் உள்ள கொண்டு போ. அங்க ஷின்னதா ஏதாச்சும் தட்டுதா?"

அவள் கையை எடுத்தாள். அக்காவின் வாயையே பார்த்தாள். "ஆன்ட்டி, நீங்க ஏன் இப்படிப் பேசறீங்க?"

அப்போதுதான் அக்காவுக்கு நினைவு வந்தது. பிளேட்டைக் கழற்றவில்லை. கழற்றினார். எச்சில் நூலாக இழுத்தது. ஒரு கையில் மூன்று கல்லும் இன்னொரு கையில் சொட்டச் சொட்ட பிளேட்டுமாகத் துடைத்துக்கொள்ள வழியில்லாமல் விழித்தார். பெண் கிளுக்கென்று சிரித்துவிட்டாள். தையல்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"நீங்களும் போட்டிருக்கீங்களா?"

"உங்கப்பாதான் போட்டுப் பாருன்னாரு. சொல்லு, தட்டுதா?"

"தட்டும். அது எப்பவும் அங்கதான் இருக்கு."

"பிளேட் அங்கதான் குத்துச்சா?"

சிரிப்பு போயிற்று. தலையாட்டினாள்.

"சொல்லியிருக்கலாமேடா தங்கம்."

"சொன்னேன். ரெண்டு நாள் போட்டேன், புண்ணாச்சு, கழட்டிட்டேன். இங்க வர்றதுக்குள்ள ஆறிடுச்சு. எங்க வலிக்குதுன்னு டாக்டர் கேட்டாங்க, ஒண்ணும் தெரியல. எல்லாருக்கும் முதல்ல குத்தும், பழகிடும்னு சொன்னாங்க. எல்லாருக்கும் பழகுது, எனக்கு மட்டும் பழகல. உடைஞ்சா வேற குடுப்பாங்க, வேறது குத்தாதுன்னு நினைச்சேன். எங்க பாத்ரூம் கதவு."

தையல்காரர் முகத்தைத் திருப்பித் தொட்டியைப் பார்த்துக்கொண்டார். பார்ப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

டாக்டரம்மா சத்தம் கேட்டு வெளியே வந்திருந்தார். அக்கா எழுந்து மூன்று கல்லையும் அவர் கையில் கொடுத்தார். கூடத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா குரலைத் தாழ்த்தவில்லை.

"பிள்ளை மேல தப்பில்ல டாக்டரம்மா. இங்க எலும்பு மேடு இருக்கு. குமிழின்னு நினைச்சு நான்தான் வழிச்சு எடுத்துட்டேன். ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. கொழுப்புன்னு உங்ககிட்ட சொன்னதும் நான்தான்."

டாக்டரம்மா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பெண்ணை உள்ளே கூட்டிப்போய், கையுறை போட்டு, விரலால் தடவினார். "இருக்குக்கா. புண்ணைத் தேடினேனே தவிர விரலை வச்சுப் பார்க்கல. நானும் பார்த்திருக்கணும்" என்றார். அப்புறம் மேசைமேல் கிடந்த ஃபைலை எடுத்து, மூடுவதற்குப் பதிலாக, 'பிள்ளை ஒத்துழைக்கவில்லை' என்று முன்பு எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

"உள்ள வா, பாரு" என்று அக்கா பெண்ணைப் பின்னறைக்குக் கூட்டிப்போனார். பாதிக் கதவுக்குள் ஒரு பிள்ளை நுழைந்தது அதுதான் முதல் தடவை. அவள் தன் வாயைக் கையில் வாங்கிப் பார்த்து, "ஐயே, இவ்வளவு முன்னால இருக்கா?" என்றாள். பிறகு விரல் நுனியால் அந்த மிளகைத் தொட்டாள். அதன்மேல் அக்கா மெழுகு ஒரு பூச்சுப் பூசினார். பிளேட் அந்த இடத்தில் ஒரு மயிரிழை தள்ளி நிற்கும், இனிமேல் மேட்டைத் தொடாது என்று காட்டினார்.

"என்ன கலர்ல வேணும்?"

பெண் யோசித்தாள். கண்ணில் ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது. "பச்சை. எங்க பாத்ரூம் கதவு மாதிரி."

"வாயைப் பாரு" என்றார் அக்கா. அந்த வாயை மூன்று கல்லில் பார்த்திருக்கிறார். அது இப்படிப் பேசும் என்று எந்தக் கல்லும் சொல்லியிருக்கவில்லை.

அன்றிலிருந்து கத்தி எடுக்கும் முன் ஒரு முத்து இருந்தாலும் அக்கா நடையில் நடந்து வந்து, "டாக்டரம்மா, இந்தப் பிள்ளைக்கு இங்க மேடா குமிழியா, விரல் வச்சுச் சொல்லுங்க" என்று கேட்க ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு நாலு தடவை. டாக்டரம்மா சலித்துக்கொள்வார், பிறகு விரல் வைத்துச் சொல்வார்.

ஐந்து மாதம் கழித்து ஒருநாள் தையல்காரர் கைக்குட்டையில் சுற்றிய பொட்டலத்தோடு வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. பின்னால் பெண், பள்ளிக்கூடச் சீருடையில், கையால் வாயைப் பொத்திக்கொண்டு.

"அம்மா, சத்தியமா கதவு இல்ல. நான் பக்கத்துலதான் இருந்தேன். ஏதோ கொட்டையைக் கடிச்சா, பட்டுனு போயிடுச்சு."

அக்கா கைக்குட்டையைப் பிரித்தார். கீழ் பிளேட் இரண்டு துண்டு. விளக்கை இழுத்தார். பச்சை மங்கி வெளிறிப்போயிருந்தது. பாலிஷ் என்ற பேச்சே இல்லை. சரிவு முழுக்கக் குழி குழியாகப் பல்தடம், ஒன்றின்மேல் ஒன்று, பள்ளிக்கூட பெஞ்சில் கீறிய மாதிரி. கொக்கி தளர்ந்து லொடலொடத்தது. உள்பக்கம், மிளகு உட்காரும் பள்ளம் மட்டும் புத்தம் புதுசாக இருந்தது.

அக்கா அதை இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆன்ட்டி, திட்டப் போறீங்களா?" என்று கைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"திட்டவா? அடி கழுதை, இதைக் கடிச்சே தின்னிருக்கியே!" அக்கா தன் டிப்ளமாவைத் துடைக்கும் துணியை எடுத்தார். அந்த உடைந்த துண்டுகளை அதில் துடைத்தார். "எங்க, கையை எடு. கடி பார்ப்போம்."

கையை எடுத்தாள். பிளேட் இல்லாமலே கீழ்த்தாடை முன்னால் வந்து நின்றது. மேலுதடு பல்லை மூடியிருந்தது. அக்கா அளவுகோலை வைத்தார். ஆறு. திரும்பவும் வைத்தார். ஆறேதான்.

"இனிமே உன்னைப் பன்னெண்டுன்னு கூப்பிட முடியாது" என்றார்.

"என்னை எப்ப பன்னெண்டுன்னு கூப்பிட்டீங்க? எனக்குப் பதிமூணு ஆயிடுச்சு."

தையல்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கதவின்மேல் சாய்ந்துகொண்டு, "புதுசு செய்யணுமாம்மா?" என்றார்.

"எதுக்கு அண்ணே? நல்லா உழைச்ச பிளேட்டு. ஒட்டித் தர்றேன். ஒரு மணி நேரம் ஆகும், உட்காருங்க."

"ஒரு மணி நேரமா?" பெண் சிணுங்கினாள். நாக்கால் வாய்க்குள் எதையோ தேடினாள். "பிளேட் இல்லாம வாய் ஒரு மாதிரி காலியா இருக்கு ஆன்ட்டி. கொஞ்சம் சீக்கிரம் குடுங்களேன்."